பழுப்பு ஒயர்

எசென்பெக், நீ எனக்கு விற்ற உவாஸ்
மறுபடியும் நின்றுவிட்டது.
இந்தத் தடவை மோல்டோ கணவாய்க்கு நாலு வளைவு கீழே.
பின்னால் குளிர்பெட்டியில் அறுநூறு ஆட்டுக்கான தடுப்பூசி.
பெட்டியின் முள் ஐந்தில் நிற்கிறது.
எட்டைத் தாண்டினால் அத்தனையும் வெறும் தண்ணீர்.

சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது.
நன்றாகவே சுற்றுகிறது,
கல்யாண வீட்டில் வேலை இல்லாதவன் மாதிரி.
இன்ஜின் பிடிக்கவில்லை.

பானட்டைத் திறந்தால் உன் கையெழுத்து.
பச்சை ஒயர் பாதி வழியில் மஞ்சளாகிறது.
மஞ்சள் ஒரு டேப் உருண்டைக்குள் நுழைந்து
சிவப்பாக வெளியே வருகிறது.
ஃபியூஸ் இருக்கவேண்டிய இடத்தில் சிகரெட் தாள்.
ஹார்ன் அடித்தால் வைப்பர் ஒரு தடவை கும்பிடு போடும்.
நாலு வருஷமாக உன்னைத் திட்டாமல்
இதை நான் மூடியதில்லை.

பிளக்கைக் கழற்றி இன்ஜின் மேல் கிடத்தினேன்.
அந்த வழியாக வந்த கல்மாத் குதிரையை விட்டிறங்கி
சாவியைத் திருப்பினார்.
பொறி இல்லை.

காயிலின் ஒரு முனையில் டெஸ்ட் பல்பு எரிகிறது,
மறு முனையில் செத்துக் கிடக்கிறது.
பிளாட்டினம் பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்தேன்.
தீப்பெட்டி அட்டையை இடையில் சொருகி
திறந்தே நிறுத்தினேன்.
இப்போது எரிய வேண்டும்.
எரியவில்லை.
கண்டென்சரை மாற்றினேன்.
எரியவில்லை.
டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் ஒயரை அவிழ்த்து
காற்றில் தொங்கவிட்டேன்.
அப்போதும் இல்லை.

ஒரு முழம் ஒயர். எங்கேயும் உரசவில்லை.
வழியில் யாரோ குடிக்கிறார்கள்.

டேப்பை உரித்தேன், உரித்தேன்,
நகத்துக்குள் கறுப்புப் பிசின்.
அடியில் ஒன்றில்லை, இரண்டு ஒயர்.
இரண்டாவது பழுப்பு, நூல் மாதிரி மெல்லிசு.
உன் முறுக்கல் இல்லை அது.
ஈயம் வைத்து, ராவி, மெழுகு நூலால் இறுக்கி,
இந்த பானட்டுக்குள்ளே
அழகாக இருந்தது அந்த ஒரு இணைப்புதான்.

அதன் பின்னாலேயே போனேன்.
தகட்டின் துளை, ரப்பர் விரிப்பின் அடி,
சீட்டுக்குப் பின்னால் பலகை இடுக்கு.
அங்கே, மேஜை விளக்கிலிருந்து கழற்றிய
ஒரு சின்ன சுவிட்ச்.
தடுப்பூசிப் பெட்டி அதன் மேல் சாய்ந்து
மின்சாரத்தையெல்லாம் பாடியில் கொட்டிக்கொண்டிருந்தது.

தட்டிவிட்டேன்.
முதல் திருப்பிலேயே பிடித்தது.

பாறைமேல் ஏறினால் ஒரு கோடு சிக்னல் உண்டு.
திட்டத்தான் கூப்பிட்டேன்.
திருடனுக்கு வைத்த சுவிட்சை
வாங்கினவளிடம் சொல்லமாட்டாயா?

"என்ன சுவிட்ச்?" என்றாய்,
நோவோசிபிர்ஸ்கில் உன் டாக்சிக்குள்ளிருந்து.

சொன்னேன். பழுப்பு ஒயர். ஈயம். மெழுகு நூல்.

"மெழுகு நூலா?"

பிறகு இண்டிகேட்டர் சத்தம் மட்டும்,
நீ ஓரம் கட்டுகிறாய் போல.

"பெர்மெத் டெலிபோன் ஆபீஸில் இருந்தவள்" என்றாய்.
"நான் குடித்த ராத்திரிகளில் வண்டி பிடிக்காது.
விடிந்தால் பிடிக்கும்.
ஈரம் என்று நினைத்தேன். இரண்டு வருஷம்.
மூன்று காயில் வாங்கினேன்.
எல்லா ஒயரையும் அறுத்து அறுத்துப் போட்டேன்.
அவள் பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நிற்பாள்.
'இன்னும் கொஞ்சம் இடதுபக்கம் பாரேன்' என்பாள்."

சிரித்தாயா, இருமினாயா,
ஒரு கோட்டு சிக்னலில் பிரிக்க முடியவில்லை.

"மூன்றரைக்கு அவள் ஷிஃப்ட் முடியும்,
கூட்டிவரப் போகணும்" என்றாய்.
கோடு போய்விட்டது.

முள் ஏழில்.
சுவிட்சைக் கழற்ற நேரமில்லை.
அதன் மேல் ஒரு சோப்பு டப்பாவைக் கவிழ்த்து டேப் ஒட்டினேன்,
எனக்கும் உன் மாதிரியே ஒட்ட வருகிறது, உருண்டையாக.

கணவாய் தாண்டி இறக்கத்தில்
நடுரோட்டில் படுத்திருந்தது ஒரு செம்மறிக்கடா.
ஹார்ன் அடித்தேன்.
காய்ந்த கண்ணாடியில் வைப்பர் ஒருமுறை
குனிந்து நிமிர்ந்தது.